வேலை மாறிய பின் தவறாகிப்போன வரிக் குறியீட்டைச் சரிசெய்வது: பிரிட்டனில் சம்பளம் வாங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றில் சேருகிறவர்களுக்கு, முதல் சம்பளம் எதிர்பார்த்ததைவிட இருநூறு பவுண்டு குறைவாக வருவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பெரும்பாலோர் உடனே புதிய நிறுவனத்தின் சம்பளப் பிரிவைக் கேட்கிறார்கள். எச்எம்ஆர்சி கொடுத்த டாக்ஸ் கோடைத்தான் போட்டிருக்கிறோம் என்று பதில் வருகிறது. அது தட்டிக்கழிக்கும் பதில் அல்ல. வரித்துறையான எச்எம்ஆர்சி அனுப்பிய குறியீட்டைத் தானாக மாற்ற எந்த நிறுவனத்துக்கும் அதிகாரம் கிடையாது. மேலும், எவ்வளவு வரி பிடிப்பது என்று நிறுவனத்துக்குச் சொல்லும் வரிக் குறியீடு (டாக்ஸ் கோடு) என்பது உங்களைப் பற்றி எச்எம்ஆர்சியிடம் உள்ள சில பதிவுகளிலிருந்து கணக்கிட்டு வெளிவரும் விடை மட்டுமே. பதிவு தவறாக இருக்கும்வரை விடையும் தவறாகவே வரும். ஆகவே எந்தப் பதிவு தவறு என்பதை முதலில் கண்டுபிடித்து, அதைத் திருத்தச் சொல்வதுதான் குறுகிய வழி. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்தவை.

படி 1: சம்பளச் சீட்டைப் படித்தல்

குறைவது வரிதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கைக்கு வரும் தொகை குறைய வேறு காரணங்களும் உண்டு: புதிய நிறுவனம் பென்ஷன் திட்டத்தில் சேர்த்திருக்கலாம்; மாணவர் கடன் பிடித்தம் தொடங்கியிருக்கலாம்; மாத நடுவில் சேர்ந்ததால் முழு மாதச் சம்பளம் வராமல் இருக்கலாம். இவற்றில் எதற்கும் வரிக் குறியீட்டோடு தொடர்பில்லை. நேஷனல் இன்ஷூரன்ஸ் (அரசின் சமூகக் காப்பீடு) பிடித்தமும் அப்படித்தான். அது அந்தந்தச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவதால் குறியீடு மாறினாலும் மாறாது. வருமான வரி என்று உள்ள பிடித்தத்தை மட்டும் பாருங்கள். பிறகு அதே சீட்டில் உள்ள குறியீட்டைப் பாருங்கள்.

பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 6 அன்று தொடங்கி அடுத்த ஏப்ரல் 5 அன்று முடிகிறது. அதற்குள் ஒருவர் வரியின்றி ஈட்டக்கூடிய தனிநபர் விலக்கு 12,570 பவுண்டு. 2021-22 ஆண்டு முதல் அந்தத் தொகை மாறவில்லை. அதன் கடைசி இலக்கத்தை நீக்கிவிட்டு எல் என்ற எழுத்தைச் சேர்த்தால் 1257எல். ஒரே வேலை, வேறு சலுகைகள் எதுவும் இல்லை என்ற நிலையில் உள்ளவருக்கு வரவேண்டிய குறியீடு இதுதான். முன்னால் எஸ் இருந்தால் ஸ்காட்லாந்து வீதம், சி இருந்தால் வேல்ஸ் வீதம். திருமணச் சலுகையாக 1,260 பவுண்டு விலக்கைத் துணைவரிடமிருந்து பெற்றவருக்கு 1383எம் என்றும், கொடுத்தவருக்கு 1131என் என்றும் வரும். இவை தவறுகள் அல்ல.

வேலை மாறியவர்கள் கவனிக்க வேண்டியவை வேறு. பிஆர் என்று இருந்தால் விலக்கு எதுவும் கொடுக்காமல் சம்பளம் முழுவதற்கும் 20 சதவீதம் பிடிக்கிறார்கள் என்று பொருள். உங்களுக்கு வேறொரு வேலை இருப்பதாகவும், விலக்கு அங்கே செலவாகிவிட்டதாகவும் எச்எம்ஆர்சி நினைக்கிறது. டி0 என்றால் சம்பளம் முழுவதற்கும் 40 சதவீதம். 0டி என்றால் விலக்கு மட்டும் இல்லை, வீதங்கள் படிப்படியாக ஏறும். பூஜ்யம் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதைக் கவனமாகப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு குறியீடுகள். கே என்ற எழுத்தில் தொடங்கினால், விலக்கைவிடக் கழிவுகள் அதிகமாகி, இல்லாத வருமானத்தைச் சம்பளத்தோடு கூட்டி வரி பிடிக்கிறார்கள்.

குறியீட்டின் கடைசியில் டபிள்யூ1, எம்1 அல்லது எக்ஸ் இருக்கிறதா என்பது இன்னும் முக்கியம். இதைத்தான் எமர்ஜென்சி கோட் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சாதாரணக் குறியீடு ஏப்ரலிலிருந்து இன்றுவரை நீங்கள் ஈட்டியதையும் கட்டிய வரியையும் சேர்த்துக் கணக்கிடும்; இந்த ஒட்டு சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, பழையதைத் திரும்பிப் பார்க்காது. 1257எல் எம்1 வந்தாலே பணம் போய்விட்டது என்று பலர் பதறுகிறார்கள். இடைவெளியில்லாமல் ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு வந்தவருக்கு இதனால் பெரும்பாலும் நட்டம் இல்லை, ஏனென்றால் மாதத்துக்கு 1,047 பவுண்டு அளவிலான விலக்கு எப்படியும் கிடைத்துவிடுகிறது. நட்டம், நடுவில் சில மாதம் வேலையில்லாமல் இருந்தவருக்குத்தான். மூன்று மாதம் சம்பளமே இல்லாதவருக்கு அந்த மூன்று மாத விலக்கு பயன்படாமல் கிடக்கும். 20 சதவீத வீதத்தில் அதன் மதிப்பு ஏறக்குறைய 628 பவுண்டு. எம்1 ஒட்டு நீங்கும்போதுதான் அது திரும்பி வரும்.

படி 2: எந்தப் பதிவு தவறு என்று கண்டுபிடித்தல்

வேலை மாற்றத்தில் பிறழக்கூடிய இடங்கள் அதிகமில்லை. முதலாவது பி45. பழைய நிறுவனம், நீங்கள் விலகும்போது, அந்த ஆண்டில் கொடுத்த சம்பளம், பிடித்த வரி, பயன்படுத்திய குறியீடு ஆகியவற்றைக் குறித்துத் தர வேண்டிய படிவம் இது. அதில் 1ஏ பகுதி உங்களுக்கு. 2, 3 ஆகிய பகுதிகள் புதிய நிறுவனத்துக்கு. அது உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தால் பாதிப் பிரச்சினை எழுவதே இல்லை. தொலைந்துவிட்டால் மறுபிரதி கிடைக்காது. அதற்கு மாற்றாக ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்ற படிவத்தை நிரப்ப வேண்டும்.

இந்த செக்லிஸ்ட்தான் பலருக்கும் வினையாக முடிகிறது. அதில் ஏ, பி, சி என்று மூன்று நிலைகள் உள்ளன. இந்த வரி ஆண்டில் இதுவே முதல் வேலை என்றால் ஏ. இப்போது இது ஒன்றே வேலை, ஆனால் ஏப்ரல் 6-க்குப் பிறகு வேறு வேலை இருந்தது என்றால் பி. இதோடு இன்னொரு வேலையும் அல்லது ஓய்வூதியமும் நடப்பில் உள்ளது என்றால் சி. அதன்படி முறையே 1257எல், 1257எல் எம்1, பிஆர் என்ற குறியீடுகளைப் புதிய நிறுவனம் பயன்படுத்தும். செக்லிஸ்டையே கொடுக்காமல் விட்டால் 0டி எம்1 வரும். வேலை மாறியவர் பொதுவாக பி நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் நாள் மனிதவளப் பிரிவில் கையெழுத்துகளுக்கு நடுவே அவசரமாக நிரப்பும்போது, "இது இங்கே என் முதல் வேலைதானே" என்று ஏ நிலையில் குறியிடுவதும், பழைய வேலையை நினைத்துக்கொண்டு சி நிலையில் குறியிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

இரண்டாவது, பழைய நிறுவனம் உங்கள் விலகல் தேதியை எச்எம்ஆர்சிக்குத் தெரிவிக்காமல் விடுவது. 2013 முதல் ஒவ்வொரு சம்பளத்தையும் நிறுவனங்கள் சம்பள நாளுக்குள் மின்னணு முறையில் எச்எம்ஆர்சிக்கு அறிவிக்க வேண்டும். கடைசிச் சம்பள அறிவிப்பில் விலகல் தேதியும் இருக்க வேண்டும். அது விடுபட்டால் பழைய வேலை இன்னும் நடப்பில் உள்ளதாகவே பதிவு நிற்கும்; விலக்கு அங்கேயே தங்கிவிடும்; புதிய வேலைக்கு பிஆர் வந்து சேரும். காரணம் தெரியாத பிஆர் குறியீட்டுக்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

மூன்றாவது, பழைய நிறுவனம் கொடுத்த கார், மருத்துவக் காப்பீடு போன்ற சலுகைகள். அவற்றின் மதிப்பை விலக்கிலிருந்து கழித்தே குறியீடு வந்திருக்கும். வேலை போனதும் சலுகையும் போய்விட்டது. கழிவு மட்டும் தொடர்ந்துகொண்டிருக்கும். நான்காவது, மதிப்பிடப்பட்ட ஆண்டு வருமானம். முதல் சம்பளத்தோடு சேர்ந்து வந்த போனஸைப் பார்த்து ஆண்டு வருமானத்தை எச்எம்ஆர்சி மிகையாக மதிப்பிட்டுவிடலாம். 1,00,000 பவுண்டுக்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் விலக்கில் 1 பவுண்டு குறைந்து, 1,25,140 பவுண்டில் விலக்கே இல்லாமல் போய்விடும் என்பதால், அதிகச் சம்பளக்காரர்களுக்கு இந்தத் தவறு பெரிதாகத் தெரியும். ஐந்தாவது மிகச் சிறியது: நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும், புதிய வேலை உங்கள் பதிவோடு இணையாமல் போகும்.

ஒன்றைத் தவறென்று எண்ணிவிட வேண்டாம். நீங்கள் விலகி, பி45 வாங்கிய பிறகு பழைய நிறுவனம் விடுப்புப் பணமோ நிலுவையோ கொடுத்தால், அதற்கு 0டி எம்1 குறியீட்டில்தான் வரி பிடிக்க வேண்டும் என்பது விதி. அதிகம் பிடித்தது பின்னால் ஆண்டுக் கணக்கில் நேராகிவிடும்.

படி 3: எச்எம்ஆர்சியின் பதிவைப் பார்த்தல்

எச்எம்ஆர்சியின் இணையதளத்தில் உள்ள தனிநபர் வரிக் கணக்கிலோ அதன் கைபேசிச் செயலியிலோ நுழைந்து, வருமான வரியைச் சரிபார்க்கும் பகுதிக்குச் செல்லுங்கள். நடப்பு ஆண்டில் உங்களுக்கு எந்தெந்த நிறுவனங்கள் வேலை கொடுத்ததாகப் பதிவு உள்ளது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஈட்டுவீர்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், எந்தக் குறியீட்டை எங்கே கொடுத்திருக்கிறார்கள், அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதெல்லாம் அங்கே தெரியும். பி2 என்ற பெயரில் தபாலில் வரும் குறியீட்டு அறிவிப்பிலும் இதே கணக்கு இருக்கும்; வந்தால் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள்.

பி45, கடைசிப் பழைய சம்பளச் சீட்டு, புதிய சம்பளச் சீட்டு மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விவரமாக ஒப்பிடுங்கள். பழைய வேலைக்கு முடிவுத் தேதி இருக்கிறதா? புதிய வேலை பட்டியலில் வந்திருக்கிறதா? ஒரே நிறுவனம் இருமுறை வந்திருக்கிறதா? மதிப்பீடு உங்கள் ஒப்பந்தச் சம்பளத்துக்கு அருகில் இருக்கிறதா? ஆண்டு நடுவில் சேர்ந்தவருக்கு, மீதமுள்ள மாதங்களுக்கான சம்பளத்தை மட்டும் பழைய வேலையின் தொகையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். புதிய ஆண்டுச் சம்பளம் முழுவதையும் ஒப்பிட்டால் இல்லாத தவறு தெரியும்.

படி 4: திருத்தச் சொல்லுதல்

முதல் சம்பளச் சீட்டு மட்டும் வந்திருக்கிறது, பி45 இப்போதுதான் கொடுத்தீர்கள் என்றால், இரண்டாவது சம்பளம் வரை பொறுத்திருப்பது நல்லது. பி45 சம்பளப் பிரிவில் கிடக்கிறதா, பதிவேற்றப்பட்டதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். செக்லிஸ்டில் தவறான எழுத்தில் குறியிட்டிருந்தாலும் உடனே சம்பளப் பிரிவுக்குச் சொல்லுங்கள். எச்எம்ஆர்சி அதற்குள் ஒரு குறியீட்டை அனுப்பிவிட்டிருந்தால் பிறகு பேச வேண்டியது எச்எம்ஆர்சியிடம்தான்.

பதிவுத் தவறுகளில் பெரும்பாலானவற்றை இணையத்திலேயே திருத்தலாம். பழைய வேலை முடிந்த தேதியைத் தெரிவிப்பது, விடுபட்ட வேலையைச் சேர்ப்பது, மதிப்பிட்ட வருமானத்தை மாற்றுவது, நின்றுபோன சலுகையை நீக்குவது ஆகிய எல்லாவற்றுக்கும் அங்கே வழி உண்டு. இணையத்தில் முடியாவிட்டால் 0300 200 3300 என்ற எண்ணை அழைக்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை பேசலாம். காத்திருப்பு நீளக்கூடும் என்பதால், தொடர்பு கிடைத்ததும் தேட வேண்டிய நிலை வரக்கூடாது: நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், இரு நிறுவனங்களின் பிஏஒய்இ (சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை) குறிப்பெண், விலகிய தேதி, சேர்ந்த தேதி, இதுவரையான சம்பளமும் வரியும் ஒரு தாளில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் உள்ள பெற்றோருக்காக நீங்கள் பேசுவதென்றால், அவர்கள் அருகில் இருந்து, தங்கள் விவரங்களைச் சொல்லி, உங்களைப் பேச அனுமதிப்பதாகத் தெரிவிக்க வேண்டும்.

சொல்லும் விதமும் முக்கியம். "என் குறியீடு தவறு" என்று தொடங்கினால் அலுவலர் ஆரம்பத்திலிருந்து தேட வேண்டியிருக்கும். "ஆகஸ்ட் 31 அன்று முடிந்த வேலை உங்கள் பதிவில் இன்னும் நடப்பில் உள்ளது, அதை மூடி, தற்போதைய வேலைக்கு முழு விலக்கோடு, எம்1 ஒட்டு இல்லாத குறியீடு அனுப்புங்கள்" என்றால் அவர் செய்ய வேண்டியது தெளிவாகிவிடுகிறது. பேசிய தேதியையும், புதிய அறிவிப்பு நிறுவனத்துக்கு எப்போது போகும் என்று சொன்னார்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

படி 5: திருத்தம் வந்ததும் பணத்தைச் சரிபார்த்தல்

எச்எம்ஆர்சி புதிய குறியீட்டை பி6 என்ற அறிவிப்பாக நிறுவனத்துக்கு அனுப்பும். முந்தைய வேலையின் சம்பளமும் வரியும் அதில் சேர்ந்தே போகலாம். அடுத்த சம்பளத்தில் அதைப் பயன்படுத்தும்போது, அதிகம் பிடித்த வரி தானாகவே திரும்பி வந்துவிடும். தனி விண்ணப்பம் தேவையில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ஸ்காட்லாந்துக்கு வெளியே வசிக்கும் ஒருவர், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 2,500 பவுண்டு வாங்கிவிட்டு, செப்டம்பரில் 2,800 பவுண்டுக்கு வேறு வேலையில் சேர்கிறார். பிஆர் குறியீட்டில் மாதம் 560 பவுண்டு வரி போகும். சரியான குறியீட்டில் ஏறக்குறைய 350 பவுண்டுதான் போக வேண்டும். மாதம் 210 பவுண்டு வித்தியாசம். மார்ச் வரை கவனிக்காமல் விட்டால் ஏழு சம்பளத்தில் 1,466 பவுண்டு சேர்ந்துவிடும். மூன்றாவது சம்பளத்தில் குறியீடு சரியானால், முந்தைய இரண்டு மாதங்களின் 420 பவுண்டும் அந்தச் சம்பளத்திலேயே கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் குறியீட்டின் பின்னால் எம்1 இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

குறைவாக வரி பிடித்திருந்தால்

அதே மனிதர் செப்டம்பரில் பி45 கொடுக்காமல், செக்லிஸ்டில் பி நிலைக்கு மாற்றாக ஏ நிலையில் குறியிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலிலிருந்து அவர் எதுவும் ஈட்டவில்லை என்று சம்பள மென்பொருள் எடுத்துக்கொண்டு, ஆறு மாத விலக்கான 6,285 பவுண்டை 2,800 பவுண்டு சம்பளத்துக்கு எதிராக வைக்கும். செப்டம்பரில் வரி இல்லை, அக்டோபரிலும் இல்லை, நவம்பரில் 4 பவுண்டு. யாரும் இதைப் பற்றிப் புகார் சொல்வதில்லை. ஆனால் பழைய வேலையில் அனுபவித்த ஐந்து மாத விலக்கை இவர் இரண்டாம் முறை அனுபவித்துக்கொண்டிருக்கிறார். ஆண்டு முடிவில் 1,047 பவுண்டு பாக்கி நிற்கும். என் பார்வையில், சம்பளத்தைக் குறைக்கும் தவறைவிடக் கூட்டும் தவறுதான் ஆபத்தானது, ஏனென்றால் அதைத் தேடிப் போக யாருக்கும் காரணம் இருப்பதில்லை. கூடுதலாக வந்தாலும் குறியீட்டைப் பாருங்கள். அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருங்கள்.

இதற்கு விதிவிலக்கான ஒரு நிலை உண்டு. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஆண்டின் நடுவில் வந்து, பிரிட்டனில் முதன்முறையாக வேலையில் சேர்ந்து, வரிக்குரிய குடியிருப்பாளர் ஆகிறவருக்கு ஆண்டு முழுவதற்குமான 12,570 பவுண்டு விலக்கு உண்டு. அவருக்கு முதல் சில மாதம் வரி பிடிக்காமல் போனால் அது முறையானதே.

குறைவாகப் பிடித்த வரியின் பாக்கி 3,000 பவுண்டுக்குள் இருந்தால், அடுத்த ஆண்டின் குறியீட்டைக் குறைத்து மாதந்தோறும் பிடிப்பதே வழக்கம். தவறாக ஏ நிலையில் குறியிட்ட அந்த மனிதருக்கு அது மாதம் 87 பவுண்டு அளவில் வரும். அது பாரமாக இருந்தால் இன்னும் நீண்ட காலத்துக்குப் பரப்பும்படி கேட்கலாம். எச்எம்ஆர்சிக்குத் தகவல் கிடைத்தும் காலத்தில் பயன்படுத்தாமல் விட்டு, அந்தத் தகவல் கிடைத்த வரி ஆண்டு முடிந்து 12 மாதத்துக்கு மேலான பிறகு பாக்கி கேட்டால், உங்கள் கணக்கு சரியாக உள்ளதென்று நீங்கள் நியாயமாக நம்பியிருக்கும் நிலையில், ஏ19 என்ற சலுகையின் கீழ்த் தள்ளுபடி கோரலாம். எளிதில் கிடைப்பதில்லை, ஆயினும் கேட்காமல் விடக்கூடாது. குறியீட்டு அறிவிப்பு வந்தும் நிறுவனம் அதைப் பயன்படுத்தாமல் விட்டதால் பாக்கி வந்தது என்றால், அதையும் எழுத்தில் சொல்லி, நிறுவனத்திடம் முதலில் விசாரிக்கக் கோருங்கள்.

ஆண்டு முடிந்த பிறகும் கடந்த ஆண்டுகளுக்கும்

ஏப்ரல் 5 தாண்டிவிட்டால் சம்பளத்தின் வழியாகத் திருத்த முடியாது. மே 31-க்குள் நிறுவனம், ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் பி60 படிவத்தைத் தர வேண்டும். அதை பி45-உடன் சேர்த்து வைத்தால் ஆண்டின் மொத்தக் கணக்கு கையில் இருக்கும். ஜூன் மாதத்திலிருந்து கட்டிய வரி கூடுதலா குறைவா என்று காட்டும் பி800 என்ற கணக்கை எச்எம்ஆர்சி அனுப்பத் தொடங்கும். பணம் திரும்ப வரவேண்டும் என்று அதில் இருந்தால், பல நேரங்களில் நீங்களே இணையத்தில் நுழைந்து கோர வேண்டும். கடிதத்தை முழுவதும் படிக்காமல் காசோலைக்குக் காத்திருப்பவர்கள் ஏமாறுகிறார்கள். சுய மதிப்பீட்டுக் கணக்கு தாக்கல் செய்பவருக்கு பி800 வராது. அந்தக் கணக்கிலேயே எல்லாம் நேராகும். வேலையை விட்டுவிட்டு அந்த ஆண்டில் மீண்டும் வேலைக்குப் போகாதவர் பி50 படிவத்திலும், நாட்டைவிட்டே திரும்புகிறவர் பி85 படிவத்திலும் கோரலாம்.

பின்னோக்கி நான்கு ஆண்டு வரை கோர உரிமை உண்டு. அதாவது 2022-23 ஆண்டுக்கான கூடுதல் வரியை 2027 ஏப்ரல் 5 வரை கேட்கலாம். இதை வாங்கித் தருகிறோம் என்று இணையத்தில் விளம்பரம் செய்யும் இடைத்தரகர்களிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் யோசியுங்கள். இலவசமாகச் செய்யக்கூடிய வேலைக்கு, திரும்பி வரும் தொகையில் கணிசமான பங்கை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

பலமுறை சொல்லியும் பதிவு மாறவில்லை என்றால் எச்எம்ஆர்சியிடம் முறையான புகார் கொடுக்கலாம். முதல் பதிலில் திருப்தி இல்லையென்றால் வேறொரு அலுவலர் மறுபரிசீலனை செய்வார். அதற்கும் பிறகு, எச்எம்ஆர்சி மீதான புகார்களைத் தனித்து விசாரிக்கும் அட்ஜுடிகேட்டர் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லலாம். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு டாக்ஸ்எய்ட் என்ற தொண்டு நிறுவனம் கட்டணமின்றி உதவுகிறது. தொலைபேசியில் பேசிய தேதிகளைக் குறித்து வைத்த தாள் இந்த இரண்டு இடத்திலும் உதவும்.